சுற்றுச்சூழலுக்குத் தனி ஸ்கூல்: கருத்துருவின் முதல் பக்கத்தில் என்ன எழுதுவது?

#1 கரையோரம்

வணக்கம் நண்பர்களே. எங்கள் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் படிப்புக்குத் தனியாக ஒரு ஸ்கூல், அதாவது பல துறை ஆட்கள் சேர்ந்த ஒரு பிரிவு, தொடங்கலாம் என்று பேச்சு கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் வந்து என் தலையில் உட்கார்ந்துவிட்டது. ஆறு வாரத்தில் கருத்துரு கொடுக்க வேண்டுமாம்.

நான் நீர் வேதியியல் ஆள். குழுவில் என்னோடு தாவரவியல், சிவில், பொருளாதாரம், சட்டம், சமூகவியல் ஆட்கள். முதல் கூட்டம் இரண்டு மணி நேரம் நடந்தது. ஒன்றரை மணி நேரம் பெயர் என்ன வைப்பது என்பதிலேயே போனது. மீதி அரை மணியில் கட்டடம் எங்கே வரும் என்று பேசினோம். யார் சொல்லித்தரப் போகிறார்கள், என்ன சொல்லித்தரப் போகிறார்கள் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

ஏற்கெனவே ஒரு சுற்றுச்சூழல் மையம் இருக்கிறது: ஒரு இயக்குநர், ஓர் அறை, வருடத்துக்கு ஒரு கருத்தரங்கு. அதன் பலகையை மாற்றி எழுதினால் போதும் என்கிறது ஒரு கட்சி. இருபது பணியிடம் கேட்போம், கொடுத்தால் கொடுக்கட்டும் என்கிறது இன்னொரு கட்சி. இப்படி ஒன்றைத் தொடங்கியவர்கள், தொடங்கிக் கைவிட்டவர்கள், நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். முதல் பக்கத்தில் எது இருந்தே ஆக வேண்டும்?

#2 எண்சட்டகம்

"இது தேவையா?" என்ற கேள்வி இருந்தே ஆக வேண்டும். நான் பொருளாதாரம், சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஓசோனை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதர்கள் ஒழுங்காகத் தீர்த்த உலகளாவிய சூழல் பிரச்சினை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். 1974இல் குளிர்பதனப் பெட்டியிலும் ஸ்பிரேயிலும் இருந்த குளோரோஃபுளூரோகார்பன்கள் ஓசோனைத் தின்னும் என்று சொன்ன மோலினாவும் ரோலண்டும் வேதியியலாளர்கள். 1985இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் சரிவதைக் காட்டிய ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் குழுவின் பலம், ஒரே இடத்தில் ஒரே அளவை வருடக்கணக்கில் சலிக்காமல் எடுத்தது. 1987இல் அந்த வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்பாட்டை எழுதியவர்கள் ராஜதந்திரிகளும் சட்டம் தெரிந்தவர்களும். அவரவர் வேலையை அவரவர் ஆழமாகச் செய்தார்கள், வேண்டியபோது பேசிக்கொண்டார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படித்த ஆள் அந்த வரிசையில் எங்கே நிற்கிறார்?

மையமே போதும். துறைகளைக் கலைக்காதீர்கள்.

#3 பழையமூங்கில்

எண்சட்டகம் "பேசிக்கொண்டார்கள்" என்று ஒரே சொல்லில் தாண்டிவிட்டார். 1974க்கும் 1987க்கும் நடுவே 13 வருடம் இருக்கிறது ஐயா. அந்தப் பேச்சுவார்த்தையை இழுத்துக்கொண்டு போன ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத் தலைவர் முஸ்தஃபா டோல்பா ஒரு நுண்ணுயிரியலாளர். விஞ்ஞானியிடம் ஒரு மொழியிலும் அமைச்சரிடம் இன்னொரு மொழியிலும் பேசத் தெரிந்த ஒரு ஆள் தற்செயலாக வாய்த்தார். அந்தத் தற்செயலை நம்பாமல், அப்படிப்பட்டவர்களை வருடா வருடம் உருவாக்க முடியுமா என்பதுதான் ஸ்கூல் கேட்கிற கேள்வி.

கரையோரம், நான் இப்படி ஒன்றை ஒன்பது வருடம் டீனாக இருந்து ஓட்டியவன். ஓய்வு பெற்றுவிட்டதால் உண்மை பேசலாம்.

இந்த ஸ்கூல்கள் ஒரே மாதிரி பிறக்கவில்லை. சில, பழைய மரத்தில் ஒட்டுப்போட்டவை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1900இல் தொடங்கியது வனவியல் ஸ்கூலாக. 1972இல் பெயரில் "சுற்றுச்சூழல் படிப்புகள்" சேர்ந்தது. 2020இல்தான் வனம் என்ற சொல்லை ஸ்கூலின் பெயரிலிருந்து எடுத்தார்கள். பெயர் மாற ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது, உங்கள் குழு ஒன்றரை மணி நேரத்தோடு நிறுத்தியதற்குச் சந்தோஷப்படுங்கள். மிஷிகன் பல்கலைக்கழகமும் இதே ஜாதிதான்: 1927இல் வனவியலும் இயற்கைப் பாதுகாப்பும், 1950இல் இயற்கை வளங்கள், 2017இல் சுற்றுச்சூழலும் நிலைத்தன்மையும்.

சில, சேர்த்துத் தைத்தவை. டியூக் பல்கலைக்கழகம் 1991இல் வனவியல்–சுற்றுச்சூழல் ஸ்கூலையும், கடற்கரையில் தனியாக இருந்த கடல் ஆய்வுக்கூடத்தையும் இணைத்தது. பின்னால் நிலவியல் துறையும் அதில் வந்து சேர்ந்தது.

சில, வெறும் நிலத்தில் விதைத்தவை. இங்கிலாந்தில் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகமே 1963இல்தான் திறந்தது, 1967இல் சுற்றுச்சூழல் அறிவியல் ஸ்கூல் வந்துவிட்டது. இடித்துக் கட்டப் பழைய துறைகள் இல்லாதது பெரிய வசதி. ஐந்தே வருடத்தில், 1972இல், ஹியூபர்ட் லாம்ப் அங்கே காலநிலை ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார்.

இன்னும் சில, அடி வாங்கிப் பிறந்தவை. 1969 ஜனவரி 28 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா கடலில் எண்ணெய்க் கிணறு வெடித்துக் கரை முழுக்கக் கறுத்தது. அடுத்த வருடமே அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் படிப்பு தொடங்கியாயிற்று. மாணவர்களும் ஆசிரியர்களும் ஒரே கரையில் நின்று ஒரே எண்ணெயைப் பார்த்திருந்தார்கள். கருத்துருவில் "நோக்கம்" என்ற பகுதியை அவர்கள் யோசித்து எழுத வேண்டியிருந்திருக்காது.

உங்களுடையது இதில் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அது தெரிந்தால் எதிரி யார் என்று தெரியும். நான் தொடங்கும்போது கண்டுகொள்ளாமல் விட்டு, பிறகு ஒன்பது வருடமும் அனுபவித்த விஷயம் ஒன்றுதான்: ஆசிரியரின் நியமன உத்தரவில் எந்தத் துறையின் பெயர் இருக்கிறது? அது ஸ்கூலின் பெயராக இல்லையென்றால் மற்றது எல்லாம் பெயர்ப்பலகை.

#4 மூன்றாமாண்டு

சார் சொன்ன கடைசி வரியை பிரேம் போட்டு மாட்டணும்.

#5 ஆலம்விழுது

நான் அந்தப் பெயர்ப்பலகைக்கு அடியில் ஐந்து வருடம் இருந்தவள். சமூகவியல் துறையில் பாதி, புதிதாகத் தொடங்கிய சுற்றுச்சூழல் ஸ்கூலில் பாதி. எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள்.

பாதி பாதி என்பது காகிதத்தில்தான். இரண்டு இடத்திலும் துறைக் கூட்டம் புதன்கிழமை மூன்று மணிக்கு. நான் எங்கே போனாலும் இன்னொரு இடத்தில் "மேடம் வர்றதே இல்லை". ஒரு நீரியல் ஆசிரியரோடு சேர்ந்து ஒரு பாடத்தாள் நடத்தினேன். இருவரும் எல்லா வகுப்பிலும் உட்கார்ந்தோம். அதில்தான் விஷயமே இருக்கிறது, ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே கேள்வி கேட்பதில். பணிச்சுமைக் கணக்கில் ஆளுக்குப் பாதித் தாள் என்று எழுதினார்கள். முழு உழைப்பு, அரைக் கணக்கு. அடுத்த வருடம் அவர் முதல் பாதி நான் பின்பாதி என்று பிரித்துக்கொண்டோம். கணக்கு சரியாயிற்று, தாள் செத்துப்போயிற்று.

பதவி உயர்வு வந்தது. சமூகவியல் குழு என் கட்டுரைப் பட்டியலைப் பார்த்து, "இதில் பாதி நம் துறை இதழ்களே இல்லையே" என்றது. ஸ்கூல் குழு, "ஆறு பேர் எழுதிய கட்டுரையில் நான்காவது பெயர்தானே" என்றது. இரண்டு வீட்டிலும் கலியாணம், இடையிலே செத்ததாம் நாய்க்குட்டி என்பார்களே, அதை அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்துகொண்டேன். இப்போது முழு நேரமும் சமூகவியல். ஆற்றைப் பற்றி எழுதுவதை விடவில்லை, ஸ்கூலை விட்டுவிட்டேன்.

#6 எண்சட்டகம்

ஆலம்விழுது, வருத்தம்தான். ஆனால் உங்கள் அனுபவம் என் வாதத்தைத்தானே தாங்கிப் பிடிக்கிறது?

#7 ஆலம்விழுது

இல்லை. நீங்கள் "மையம் போதும்" என்கிறீர்கள். மையம் என்றால் நாங்கள் எல்லாருமே இப்படி இரவல் ஆட்கள்தான், அதுவும் பாதிகூட இல்லாமல் மாலை நேரத்து ஆட்கள். என் குறை ஸ்கூல் இருந்தது என்பதல்ல. அரைகுறையாக இருந்தது என்பது.

#8 தட்டச்சுமேசை

நான் ஆசிரியர் இல்லை. நிர்வாகப் பிரிவில் 22 வருடம். இந்த மாதிரிக் கருத்துருக்கள் என் மேசையைத் தாண்டித்தான் கல்விக்குழுவுக்குப் போகும். பெரும்பாலும் "முழுமையான", "ஒருங்கிணைந்த", "நிலைத்த" என்ற மூன்று சொற்களால் நிரம்பியிருக்கும். எங்களுக்கு வேண்டிய விவரம் எதுவும் இருக்காது.

எங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்கிறேன். வேதியியல் துறை மாணவர் உங்கள் ஸ்கூலில் ஒரு தாள் எடுத்தால் அந்தக் கிரெடிட் யார் கணக்கில் ஏறும்? மாணவர் தலைக்கு இவ்வளவு என்று துறைகளுக்குப் பணம் பிரிக்கிற இடங்களில் இதுதான் போர்க்களம். துறைத்தலைவர் உங்கள் தாளை "மிக நல்ல முயற்சி" என்று பாராட்டிவிட்டுத் தன் மாணவர்களை எடுக்கவிடாமல் செய்வார், ஒவ்வொரு மாணவரும் அவருக்கு நஷ்டம் என்பதால். அடுத்து, வெளியிலிருந்து ஆய்வுநிதி வந்தால் அதில் நிறுவனச் செலவுக்கென்று ஒதுக்கும் பங்கு யாருக்கு? இரண்டு துறை சேர்ந்து வாங்கிய கருவி கெட்டுப்போனால் பழுதுபார்க்கும் செலவு யார் தலையில்? அப்படி ஒரு கருவி எங்களிடம் இரண்டு வருடம் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. இரண்டு துறையும் தங்களுடையது என்று சொல்லி வாங்கியது. பழுதானதும் இரண்டும் அடுத்தவருடையது என்றன.

இதையெல்லாம் பின்னிணைப்பில் போடாதீர்கள். பின்னிணைப்பை யாரும் படிப்பதில்லை. நான் மட்டும் படிப்பேன், ஆனால் எனக்கு ஓட்டு இல்லை.

#9 மூன்றாமாண்டு

முனைவர் பட்ட மாணவன் பக்கமும் ஒண்ணு சொல்லிடறேன். என் தலைப்பு ஒரு ஏரிக்கரையில் இருக்கிற மீனவர்களும் ஏரியோட நீர்த்தரமும். ரெண்டு கைடு. ஆய்வேட்டோட மூணு அத்தியாயம் சூழலியல், ரெண்டு அத்தியாயம் நேர்காணல்.

வருடாந்திரப் பரிசீலனையில ஒரு உறுப்பினர் கேட்டார்: "38 பேர்கிட்டதான் பேசியிருக்கீங்க, மாதிரி அளவு எப்படி முடிவு பண்ணீங்க, பிழை வரம்பு என்ன?" நேர்காணல் அப்படி இல்லைங்க சார், புதுசா ஒண்ணும் வராம ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வர்ற வரைக்கும் பேசறதுதான் முறைன்னேன். அவர் பேனாவை மூடி வெச்சிட்டார். அடுத்த அறையில இன்னொரு உறுப்பினர்: "இந்த நைட்ரேட் வரைபடம் யாருக்காக? அந்த மனுஷங்க எங்கே?" ஒரே ஆய்வேடு, அரை மணி நேர இடைவெளி. எனக்குப் பதில் தெரியாம இல்லை. ரெண்டு பேருக்கும் வேற வேற பதில் சொல்ல வேண்டியிருந்தது, ரெண்டு பதிலையும் ரெண்டு பேருமே கேட்கலை.

ஸ்கூல் வந்தா ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. தேர்வுக்குழு மொத்தமும் ஒரே அறையில, ஒரே நேரத்தில உட்காரட்டும்.

#10 கரையோரம்

எல்லாருக்கும் நன்றி. ஆலம்விழுது சொன்ன அரைத்தாள் கணக்கைப் படித்துவிட்டு எங்கள் பணிச்சுமை விதியை எடுத்துப் பார்த்தேன். எங்களிடமும் அதே வரி அப்படியே இருக்கிறது.

பாடத்திட்டத்துக்கு வருவோம். எங்கள் குழு தயாரித்த வரைவில் முதல் பருவம் இப்படி: சூழலியல் அறிமுகம், சூழல் வேதியியல் அறிமுகம், சூழல் சட்ட அறிமுகம், சூழல் பொருளாதார அறிமுகம், இப்படியே சிவிலுக்கும் சமூகவியலுக்கும் ஒவ்வொன்று. ஆறு உறுப்பினர், ஆறு அறிமுகம். ஆளுக்கொன்று. பார்க்கும்போதே ஏதோ தப்பு என்று தெரிகிறது, என்ன என்று சொல்லத் தெரியவில்லை.

#11 பழையமூங்கில்

அது பாகப்பிரிவினைப் பத்திரம். பாடத்திட்டம் அல்ல. தப்பு அதுதான்.

தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. "பல்துறை" என்பது வேறு, "துறையிடை" என்பது வேறு. ஒரே வளாகத்தில் ஆறு அறை இருந்தால் பல்துறை. அறைகளுக்கு நடுவே சுவரில் ஓட்டை போட்டால் துறையிடை. உங்கள் வரைவு முதல் வகை. எல்லா ஒருங்கிணைப்பையும் மாணவன் தன் மண்டைக்குள் தனியாகச் செய்துகொள்ளட்டும், ஆசிரியர்கள் நாங்கள் ஒருவர் வகுப்புக்கு ஒருவர் போக மாட்டோம் என்று அர்த்தம். நம்மால் முடியாததைப் பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்கிறோம்.

நாங்கள் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு முதல் பருவத்தில் ஒரே ஒரு பெரிய தாள் வைத்தோம். ஒரு பிரச்சினை, பதினைந்து வாரம், மூன்று ஆசிரியர்கள் எப்போதும் அறையில். பெரும்பாலும் வங்கதேசத்துக் கிணற்றுநீரில் இருந்த ஆர்செனிக் நஞ்சை எடுப்போம்.

கதை தெரிந்திருக்கும். குளம், ஆற்று நீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். 1970களிலிருந்து யூனிசெஃப் உள்ளிட்டவர்களின் ஊக்கத்தோடு லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் இறங்கின. கிருமி இல்லாத தண்ணீர் வந்தது. 1993இல்தான் அந்தத் தண்ணீரில் ஆர்செனிக் இருப்பது அங்கே கண்டறியப்பட்டது. எந்தத் தொழிற்சாலையும் கொட்டியதல்ல. இமயத்திலிருந்து வந்த வண்டலில் இரும்போடு ஒட்டிக்கிடந்தது. நிலத்தடியில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் அந்த இரும்பைக் கரைக்க, ஆர்செனிக்கும் கூடவே தண்ணீரில் இறங்கிவிட்டது. கிணறுகளைச் சோதித்தார்கள். ஆபத்தானதற்குச் சிவப்புப் பெயின்ட், பாதுகாப்பானதற்குப் பச்சை.

நான்காவது வாரம் ஒரு வகுப்பு நடக்கும். மாணவர்களிடம் ஒரு கிணற்றின் விவரத்தைக் கொடுப்போம். களச் சோதனைப் பெட்டியில் வைத்த வெள்ளைக் காகிதம் மஞ்சள் தாண்டிப் பழுப்பை நோக்கிப் போயிருக்கிறது. வண்ண அட்டையோடு ஒப்பிட்டால் லிட்டருக்கு 60 மைக்ரோகிராம் மாதிரித் தெரிகிறது. அதே தண்ணீர் லேபில் 42. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 10. வங்கதேசத்தின் வரம்பு 50. கையில் இரண்டு டப்பா பெயின்ட் வைத்திருப்போம், நிஜமாகவே. இப்போது சொல், எந்தப் பெயின்ட்?

வேதியியல் பின்னணிப் பையன் மறுபடி அளக்க வேண்டும் என்பான். அளக்க ஆள் வர மூன்று மாதம், அதுவரை அந்தக் குடும்பம் எதைக் குடிக்கும் என்று எதிரில் இருக்கும் பெண் கேட்பாள். சட்டம் படிக்க வந்தவன் 50க்குக் கீழே, பச்சை, விஷயம் முடிந்தது என்பான். ஏன் 10 இல்லை என்று ஒருத்தி. 10 என்று வைத்தால் எத்தனை கிணறு சிவப்பாகும், அப்புறம் மறுபடி குளத்துக்குத்தானே போவார்கள் என்று இன்னொருத்தன். பச்சைக் கிணறு அடுத்தவர் முற்றத்தில் இருந்தால், அங்கே தினமும் குடத்தோடு போகப்போவது யார், அந்த வீட்டுக்காரர் விடுவாரா என்று யாராவது கேட்பதற்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் ஆகும். கேட்காமலே போன வருடங்களும் உண்டு.

எட்டாவது வாரம் சட்ட ஆசிரியர் ஒரு வழக்கைக் கொண்டுவருவார். 1992இல் அங்கே தண்ணீரை ஆய்வு செய்த பிரிட்டிஷ் நிலவியல் அமைப்பு ஆர்செனிக்கைச் சோதிக்கவில்லை. சோதித்திருந்தால் தப்பித்திருப்போமே என்று ஒரு கிராமத்தவர் இங்கிலாந்தில் வழக்குப் போட்டார். 2006இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதைத் தள்ளுபடி செய்தது. ஒரு அறிக்கையில் எழுதாமல் விட்டதற்கு விஞ்ஞானி பொறுப்பாளியா? அன்றைக்கு எங்கள் நிலவியல் ஆசிரியர் மிகவும் அமைதியாக இருப்பார்.

ஒரு தாளை இப்படி நடத்திவிட்டால் மற்ற "அறிமுகங்களை" மாணவர்களே தேடி வந்து கேட்பார்கள். ஏன் படிக்கிறோம் என்று அவர்களுக்கு அப்போது தெரிந்திருக்கும்.

#12 எண்சட்டகம்

சரி, இந்தத் தாளை நானும் நடத்த ஆசைப்படுவேன். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இதே பாணியில் நான்கு வருடப் பட்டம் முழுவதையும் கட்டினால் என்ன ஆகும்? விஸ்கான்சின் கிரீன் பே பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1969இல் புது வளாகத்துக்கு வந்தபோது மொத்தப் பல்கலைக்கழகத்தையும் சூழல் பிரச்சினைகளைச் சுற்றி அமைத்தார்கள். வழக்கமான துறைகள் கிடையாது. மாணவன் பிரச்சினை சார்ந்த பிரிவில்தான் பட்டம் எடுக்க வேண்டும், வேதியியலோ வரலாறோ வேண்டுமானால் கூடுதலாக. அமெரிக்கா முழுக்கப் பேசப்பட்டது. காலப்போக்கில் வழக்கமான துறைப் பட்டங்கள் அங்கேயும் திரும்பி வந்தன. வேலை கொடுப்பவரும் மேற்படிப்புக்குச் சேர்ப்பவரும் "நீ என்ன படித்தாய்" என்று கேட்டால் ஒரு சொல்லில் பதில் சொல்ல முடிய வேண்டும். அதுவும் ஒரு நியாயம்தானே.

நியாயமாக எனக்கு எதிரான சான்றையும் நானே வைக்கிறேன். 2016இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு: ஆஸ்திரேலிய ஆய்வுநிதிக் குழுவுக்கு ஐந்து வருடத்தில் வந்த 18,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை எடுத்துப் பார்த்தார்கள். துறையிடைத் தன்மை கூடக்கூட நிதி கிடைக்கும் வாய்ப்பு குறைந்தது. துறைக்காரர்கள் மதிப்பிடும்வரை துறையிடை ஆய்வு தோற்றுக்கொண்டே இருக்கும் என்று இதை வாசிக்கலாம். மோசமான விண்ணப்பங்கள் என்றும் வாசிக்கலாம். நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

#13 ஆலம்விழுது

கிரீன் பே பற்றி உங்களோடு உடன்படுகிறேன், முதல் முறையாக. இளநிலையில் ஒரு துறையில் காலூன்றிவிட்டு மேலே வருவது நல்லது. தனக்கென்று ஒரு துறை இல்லாதவருக்குத் துறைகளுக்கு நடுவே நிற்க இடம் இருக்காது. முதுநிலையில் தொடங்குங்கள் கரையோரம். இளநிலைக்குப் பழையமூங்கில் சார் சொன்ன மாதிரி ஒரு தாள், எல்லாத் துறைக்கும் திறந்ததாக. முழுப் பட்டம் வேண்டாம்.

#14 தட்டச்சுமேசை

முதுநிலை என்றால் இருக்கைகள் குறைவு, கிரெடிட் சண்டையும் குறைவு. முதல் மூன்று வருடம் அதுவே தப்பிக்க வழி.

#15 மூன்றாமாண்டு

பெயர் என்னதான் முடிவாச்சு? அந்த ஒன்றரை மணி நேரத்துல.

#16 கரையோரம்

கேட்காதே தம்பி. "சூழலியல்" என்றால் அது எங்கள் பாடம், உயிரினங்களுக்கும் சூழலுக்கும் உள்ள உறவைப் படிப்பது, சட்டமும் பொருளாதாரமும் அதில் வராது என்கிறார் தாவரவியல். "சுற்றுச்சூழல்" என்றால் குப்பைத்தொட்டி விளம்பரம் மாதிரி இருக்கிறது என்கிறார் சட்டம். "நிலைத்தன்மை" என்றால் யாருக்கும் புரியாது, ஆனால் நிதி வரும் என்கிறார் சிவில். தமிழில் "பள்ளி" என்று போட்டால் குழந்தையைச் சேர்க்க வந்துவிடுவார்கள், "புலம்" என்று போடலாம் என்பதில் மட்டும் ஒருமனதாக இருக்கிறோம்.

#17 பழையமூங்கில்

நிதி என்றதும் ஒன்று. நன்கொடைப் பணத்தைப் பற்றி இழையில் யாரும் பேசவில்லை.

ஸ்டான்ஃபோர்டு 2022 செப்டம்பரில் நிலைத்தன்மைக்கான ஸ்கூலைத் திறந்தது. அந்தப் பல்கலைக்கழகம் சுமார் எழுபது வருடத்தில் தொடங்கிய முதல் புது ஸ்கூல். ஜான், ஆன் டோயர் தம்பதி 110 கோடி டாலர் கொடுத்தார்கள், ஸ்கூலுக்கு அவர்கள் பெயர். எண்ணெய், எரிவாயு நிறுவனங்களிடம் நிதி வாங்கக் கதவு திறந்திருக்கும் என்று டீன் சொன்னதும், மாணவர்களும் ஆசிரியர்களில் ஒரு பகுதியினரும் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் விவாதம்.

உங்களுக்கு அவ்வளவு பணம் வராது, கவலைப்படாதீர்கள். கொஞ்சமாக வரும், அப்போதும் இதே கேள்வி வரும். சூழல் ஸ்கூலுக்குப் பணம் கொடுக்க முதலில் முன்வருகிறவருக்குச் சூழல் விஷயத்தில் ஏதாவது கணக்கு பாக்கி இருக்கும். எங்களிடம் ஒரு கொடையாளர் ஆய்வகம் ஒன்றைக் கட்டித்தர வந்தார், அறிக்கைகளை வெளியிடுவதற்கு முன் தனக்குக் காட்ட வேண்டும் என்ற ஒரு வரியோடு. குழுவில் பாதிப் பேர் "காட்டுவதில் என்ன?" என்றார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. ஆய்வகம் வரவில்லை. அதற்கு என்னை இன்றும் திட்டுகிற நண்பர்கள் உண்டு, அவர்கள் சொல்வதும் முழுத் தவறில்லை. நான்கு வருடம் மாணவர்கள் மாதிரிகளை இரவல் லேபில்தான் ஓட்டினார்கள்.

வெளியீட்டுச் சுதந்திரம் பற்றி ஒரு வரியை இப்போதே கருத்துருவில் எழுதி வையுங்கள். காசோலை மேசை மேல் இருக்கும்போது எழுத முடியாது.

#18 எண்சட்டகம்

இந்த வரியில் மாற்றுக்கருத்தே இல்லை.

#19 கரையோரம்

நேற்று மூன்றாவது கூட்டம். இழையில் வந்ததை வைத்து நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

முதல் பக்கத்தில் நியமனம் மட்டும். பத்துப் பணியிடம், உத்தரவு ஸ்கூலின் பெயரில், பதவி உயர்வை ஸ்கூலே பார்க்கும், மதிப்பிட வருகிறவர்களில் வெளித்துறை ஆட்கள் கட்டாயம். அறை அமைதியாகிவிட்டது. என் சொந்தத் துறைத்தலைவரே கேட்டார், "அப்படியென்றால் நீ எங்களை விட்டுப் போகிறாயா?" அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாகிவிடும், யோசி என்றார். நான் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது, அன்றிரவு தூங்கவில்லை.

பேசிப் பேசிப் பத்து என்பது ஆறானது. மேலும் எட்டுப் பேர் இரு இடத்து நியமனம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகம் 1998இல் இப்படி ஒரு ஸ்கூலைத் தொடங்கியபோது அதைத் தன் மூன்று ஃபேக்கல்டிகளுக்குப் பொதுவாக வைத்ததைச் சொல்லித்தான் இதை வாங்கினேன், இல்லையென்றால் ஆறோடு நின்றிருக்கும். ஆனால் அந்த எட்டுப் பேருக்கும் சேரும் நாளிலேயே எழுத்தில் ஒரு ஒப்பந்தம்: எந்த இடம் மதிப்பிடும், எந்த வகைக் கட்டுரை கணக்கில் வரும், எந்தக் கூட்டத்துக்குப் போக வேண்டும். ஆலம்விழுது மேடம், புதன்கிழமை மூன்று மணி என்பதை உதாரணமாகவே எழுதிவிட்டேன், பெயர் சொல்லாமல்.

சேர்ந்து நடத்தும் தாளுக்கு இருவருக்கும் முழுக் கணக்கு என்பதைப் பொருளாதாரத் துறை உறுப்பினர் எதிர்த்தார். செலவு இரட்டிப்பாகுமாம். வருடத்துக்கு மூன்று தாளுக்கு மட்டும் என்று சமரசம். முதுநிலை மட்டும். தேர்வுக்குழு ஒரே அறையில். இதற்குத்தான் எதிர்ப்பே வரவில்லை, தம்பி. வெளியீட்டுச் சுதந்திர வரி அப்படியே நிற்கிறது.

பெயர் இருக்கும் இடத்தில் கோடு போட்டு விட்டிருக்கிறோம்.

#20 ஆலம்விழுது

ஆறு நல்ல எண்தான். என் காலத்தில் ஒன்று இருந்திருந்தால்கூட, கேள்வி கேட்க ஒரு மூத்தவர் இருந்திருப்பார். விளம்பரம் வரும்போது இங்கே போடுங்கள். விண்ணப்பிக்க மாட்டேன். படித்துப் பார்ப்பேன்.

#21 எண்சட்டகம்

அந்தப் பொருளாதாரத் துறை உறுப்பினர் நான் இல்லை என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன்.

#22 தட்டச்சுமேசை

நான்கு பக்கத்தையும் கரையோரம் தனிமடலில் அனுப்பியிருந்தார், படித்தேன். இரு இடத்து நியமனம் பெற்ற எட்டுப் பேரின் விடுப்புப் படிவத்தில் யார் கையெழுத்துப் போடுவது என்று எங்கேயும் இல்லை. முதல் ஆள் காய்ச்சலில் படுத்ததும் கோப்பு என் மேசையில் வந்து நிற்கும்.

#23 கரையோரம்

சேர்த்துவிட்டேன். மூன்றாம் பக்கம், நான்காவது வரி. ஸ்கூல் டீன்.